ஏற்காட்டு வீட்டுச் சுவரில் பேட்டரி டிரில் இறங்கவில்லை, என்ன தவறு?

ஏற்காட்டில் பழைய வீட்டுச் சுவரில் அலமாரி மாட்ட முயன்றபோது துளை விழாமல், துளைக்கும் கம்பியான பிட்டின் நுனி சூடேறி நீலம் பூத்துவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். டிரில் எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கே ஒருமுறை நடந்தது. இல்லையென்றால், அது பெரும்பாலும் மரத்துக்கோ இரும்புக்கோ உரிய பிட்டாக இருக்கும். கார்பைடு நுனி கொண்ட கான்கிரீட் பிட்டைப் பூட்டி, டிரில்லின் முன்பக்க வளையத்தைச் சுத்தியல் குறிக்குத் திருப்பினால்தான் செங்கல்லும் சிமென்டும் வழிவிடும். ஆனால் சேர்வராயன் மலையின் சார்னோகைட் கருங்கல்லில் கட்டிய சுவர் என்றால் அதுவும் திணறும். பலமாக இடித்தபடியே துளைக்கும் ரோட்டரி ஹேமர் என்ற கருவியை வாடகைக்கு எடுப்பதே மேல்.

பிட்டை மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடக்கூடும் என்பதால் அங்கே துளையிடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். துணிக் கையுறையோ வேண்டவே வேண்டாம், பிட்டைப் பிடித்துச் சுழலும் சக் அதைக் கவ்வி விரலையும் சேர்த்து முறுக்கிவிடும்.