வளவும் மரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவிலிருந்து அக்கா மேப்பிள் விதை அனுப்பியிருக்கிறா. அவ அனுப்பின படத்தில் தெரு முழுக்கச் சிவப்பு இலை. எங்கள் வளவு கடற்கரைக்குக் கிட்ட, வெறும் மணல். பிரிட்ஜில் வைத்தால் விதை முளைக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கல்லடி

பதில்: முளைக்கும் மகள், ஆனால் அந்தச் சிவப்பு வராது. சுகர் மேப்பிள் விதையை ஈரமணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் பிரிட்ஜில் வைத்தால் முளை வரும். அதற்குப் பிறகுதான் கரைச்சல். அந்த மரம் வருடாவருடம் குளிரில் உறங்கி எழும்ப வேண்டும். டொரன்டோவில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஆறரை மணித்தியால வித்தியாசம். பகல் சுருங்கி இரவு குளிரும்போது இலையின் பச்சையம் சிதையும். உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு புதிதாக ஊறும். மட்டக்களப்பில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, குளிரும் இல்லை. ஒரு சீவனை இங்கே கொண்டுவந்து வாட்ட வேண்டாம்.

சிவப்பு இலைதான் ஆசையென்றால் நாட்டு வாதுமை வையுங்கள். கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்புத் தின்போமே, அந்த மரம்தான். உப்புக்காற்றும் மணலும் அதற்குப் பிறந்த வீடு. இலை உதிர்க்கக் குளிர் தேவையில்லை. பெரும்பாலும் வருடத்தில் இரண்டு தடவை உதிர்க்கும். விழுந்த இலையொன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள்: ஒரே இலையில் பச்சை, மஞ்சள், செம்பு, இரத்தச் சிவப்பு எல்லாம் இருக்கும். எனக்கு அந்த அழகு எந்த மேப்பிளுக்கும் குறைந்ததில்லை.

புதிதாக விழுந்த பழமாகப் பொறுக்கி, மணலும் சாணி எருவும் கலந்த பையில் போடுங்கள். ஐப்பசி மழையோடு நிலத்தில் வைத்தால், கோடைக் கச்சான் காற்று தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். கிளை தட்டுத் தட்டாக அகலப் பரவும் மரம் இது, அதனால் வீட்டுச் சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி வையுங்கள். மதிலோரம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வாதுமை இலை பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்து தண்ணீர் நிறம் மாறுகிறதாம். தறிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அவர்கள் சொல்வது சரிதான் தம்பி, இலையின் துவர்ச்சத்து இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகும். அதற்காக மரத்தைத் தறிக்காதீர்கள். கிணற்றுக்கு மேலே நீளும் கிளையை மட்டும் வெட்டி, உங்கள் செலவிலேயே கிணற்றுக்கு வலை போட்டுக் கொடுங்கள். கூட்டிய இலையை எரிக்காமல் தென்னை அடியில் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும்.