பஸ் ஜன்னலில் தெரிந்த திராட்சைத் தோட்டம்

நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போய் வந்தவர்களும் போகப் போகிறவர்களும் எழுதிய கடிதங்களே இந்த முறை அதிகம். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். அதில் ஆறு பக்கம் கூட வந்த மைத்துனரைப் பற்றி.

கேள்வி (சேலம்): ஏழு நாள் தெற்குத் தீவு பேக்கேஜ். அட்டவணையில் 'மார்ல்பரோ ஒயின் பிரதேசம் கண்டுகளித்தல்' என்று இருந்தது. பிக்டனில் கப்பலிலிருந்து இறங்கி பஸ் ஏறினோம். அடுத்து இறங்கியது கைக்கோராவில்தான். கேட்டால், "ரெண்டு பக்கமும் தோட்டம் தெரிஞ்சுதே சார்" என்கிறார் கைடு. இது ஏமாற்று வேலை இல்லையா ஐயா?

பதில்: ஏமாற்று வேலைதான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து, வார்த்தை பார்த்துச் செய்த ஏமாற்று வேலை. எனக்கு இதில் பழைய கோபம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டூர் அட்டவணைக்கென்று தனி அகராதி உண்டு. 'பார்வையிடுதல்' என்றால் பஸ் நிற்கும், இறங்கலாம், டிக்கெட் பெரும்பாலும் அவர்கள் செலவு. 'புகைப்பட நிறுத்தம்' என்றால் பத்து நிமிடம், கழிப்பறை வரிசையோடு சேர்த்து. 'நகர அறிமுக உலா' என்றால் டிரைவர் ஊருக்குள் வழி தேடுகிறார் என்று பொருள். 'கண்டுகளித்தல்' இருக்கிறதே, அதற்குப் பொருளே கிடையாது. பஸ் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நீங்கள் விழித்திருந்தால் கண்டாயிற்று, களித்தாயிற்று.

நீங்கள் கடந்து போனது சாதாரண இடம் அல்ல. நியூசிலாந்து ஒயினில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு வட்டாரத்தில்தான் விளைகிறது. செம்மறி ஆடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தில் 1973இல் பெரிய அளவில் திராட்சைக் கொடி நட ஆரம்பித்தார்கள். இன்று அங்கே விளையும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் உலகம் முழுக்கப் போகிறது. பிளெனம் ஊரைச் சுற்றி தோட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து ருசி பார்க்கும் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்தினால் பேக்கேஜ்காரருக்கு என்ன குறைந்துவிடும்? குறையும். பிக்டனிலிருந்து கிறிஸ்ட்சர்ச் சுமார் 340 கிலோமீட்டர். அன்றைக்கே போய்ச் சேரா விட்டால் ஓர் இரவு ஓட்டல் கூடும். அந்தக் கணக்கைத்தான் 'கண்டுகளித்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

நானும் ஏமாந்தவன்தான். டனீடினில் ஐம்பது டாலர் கொடுத்து 'பாரம்பரிய நகர உலா' போனேன். 1906இல் திறந்த அந்த ரயில் நிலையத்தின் அழகே உள்ளே இருக்கிறது. தரை முழுக்கச் சின்னச் சின்ன ஓடுகளால் கோலம் போட்ட மாதிரி இழைத்திருப்பார்கள். எங்களை வெளியே நிற்க வைத்து கடிகாரக் கோபுரத்தைப் படமெடுக்கச் சொன்னார்கள். எட்டு நிமிடம். உள்ளே போக காசே இல்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

சரி, உங்களுக்கு வழி இருக்கிறது. விளம்பரத் தாள், அட்டவணை, வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விளம்பரத் தாளில் ஒயின் கிண்ணமோ ருசி பார்க்கும் மேசையோ படமாக இருந்தால் அதுவே நல்ல சாட்சி. முதலில் ஏஜென்டுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அலுவலகம் மும்பையில் என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி (கோவை): பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் போனோம். விளம்பரப் படத்தில் பச்சைப் பசேல் தோட்டம், குலை குலையாகத் திராட்சை. அங்கே வெறும் குச்சிதான் நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பூமத்திய ரேகைமீது வழக்குப் போட முடியாது. அங்கே பருவம் நமக்கு நேர்மாறு. அறுவடை மார்ச், ஏப்ரல். மே கடைசியில் இலையெல்லாம் உதிர்ந்து குளிர் ஆரம்பித்திருக்கும். பசுமை வேண்டுமானால் டிசம்பர் முதல் பிப்ரவரி. ஏப்ரல் கடைசி என்றால் குவீன்ஸ்டவுனை அடுத்த ஆரோடவுன் பக்கம் மரமெல்லாம் பொன்னிறமாக நிற்கும். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு நிமிடம் தேடியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

கேள்வி (மதுரை): ருசி பார்க்கக் காசு வாங்கினார்கள். நம் ஊர் மிட்டாய்க் கடையில்கூட ஒரு துண்டு அல்வா சும்மா தருவார்களே?

பதில்: போர்டில் எழுதித்தான் வாங்கினார்கள், ஏமாற்று இல்லை. பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கேட்டீர்களா?

கேள்வி (திருச்சி): வாடகைக் கார் எடுத்து நாங்களே தோட்டம் தோட்டமாகச் சுற்றலாம் என்று எண்ணம். நாலு இடத்தில் ருசி பார்த்தால் கணவர் ஓட்டலாமா?

பதில்: கூடாது. 20 வயதுக்கு மேற்பட்டவருக்கு மூச்சில் லிட்டருக்கு 250 மைக்ரோகிராம் வரை என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுக் குடிக்கும் அளவுக்கு நம்மில் யாருக்கும் கணிதம் வராது. ஓட்டுகிறவர் திராட்சைச் சாறு குடிக்கட்டும். இல்லையென்றால் சுற்றிக் காட்டும் வேன் உண்டு. பிளெனம் பக்கத்தில் ரென்விக் என்ற சின்ன ஊரில் தங்கி வாடகை சைக்கிளிலும் போகலாம். நிலம் தட்டையாக இருக்கும், தோட்டங்களும் பக்கம் பக்கமாக. அளவோடு குடித்தால் சைக்கிளும் நேராகப் போகும்.

கேள்வி (சென்னை): குவீன்ஸ்டவுனில் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' போட்டு கார் எடுத்தோம். வீடியோவில் பார்த்து ஸ்கிப்பர்ஸ் மலைப்பாதையில் போனோம். அடிப்பாகம் அடிபட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் இல்லை என்று பெரிய தொகையைக் கார்டில் பிடித்துவிட்டார்கள். நியாயமா?

பதில்: நியாயம். தங்கம் தேடிப் போனவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து போட்ட ஒற்றைப் பாதை அது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்தச் சாலையைப் பேர் சொல்லியே விலக்கி வைத்திருக்கும். கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே? 'ஃபுல்' என்பது கவுன்ட்டர் பேச்சு. டயர், முன் கண்ணாடி, அடிப்பாகம் உண்டா, நம் கையிலிருந்து போகிற தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்காதவர்களிடமிருந்து மாதம் இரண்டு கடிதம் வருகிறது. எனக்கும் அலுத்துவிட்டது.

கேள்வி (புதுச்சேரி): பன்னாக்பர்னில் நாற்பது டாலருக்கு வாங்கிய பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினுக்கு திருகு மூடி! தக்கை இல்லை. நம் ஊர் குவார்ட்டர் பாட்டில் மாதிரி இருக்கிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, நிம்மதியாகக் குடியுங்கள். தக்கையால் சில பாட்டில்களுக்கு ஈரத்துணி நாற்றம் வரும். அதில் வெறுத்துப்போன நியூசிலாந்துத் தயாரிப்பாளர்கள் 2001இல் ஒன்று சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். இன்று அந்நாட்டு பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அப்படித்தான். நீங்கள் வாங்கிய சென்ட்ரல் ஒட்டாகோ வட்டாரம் உலகத்தின் தென்கோடி ஒயின் நிலங்களில் ஒன்று. பினோ நுவார்தான் அதன் பெருமை. 'ஒயின் ஷாப்' என்று போர்டு வைத்து ஒயினைத் தவிர எல்லாம் விற்ற ஊரில் வளர்ந்த நமக்கு மூடியைப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் போகாதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): கிறிஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் அம்மாவின் பையில் இருந்த நெல்லிக்காயும் கறிவேப்பிலையும் சொல்லாமல் விட்டதற்கு 400 டாலர் அபராதம். வயதானவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

பதில்: நெல்லிக்காய்க்கு வயதில்லையே. உணவு, விதை, இலை எதுவானாலும் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினால் அபராதம் இல்லை. மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் தண்டனை. அம்மாவின் படிவத்தை நிரப்பியது யார்?

கேள்வி (ஈரோடு): மானுகா என்ற அந்த நாட்டுப் பூவின் தேன் என்று நினைவுப் பொருள் கடையில் நிறையப் பணம் கொடுத்து வாங்கினேன். கொல்லிமலைத் தேனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பதில்: என் அலமாரியிலும் ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. பாட்டிலின் முன்பக்கம் மலையும் பூவும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'மல்டிஃப்ளோரல்'. பல பூக்களின் தேன் கலந்தது என்று அர்த்தம். ஏற்றுமதியாகும் மானுகா தேனுக்கு நான்கு வேதிப்பொருள் சோதனையும் ஒரு டி.என்.ஏ. சோதனையும் 2018 முதல் கட்டாயம். தேறுவதில் 'மோனோஃப்ளோரல்', அதாவது பெரும்பாலும் மானுகா பூவிலிருந்தே வந்ததுதான் விலை கூடியது. நான் அந்த விலை கொடுத்து மற்றதை வாங்கினேன். காலையில் வெந்நீரில் கலந்து குடித்து வருகிறேன். கோபம் வந்தால் இரண்டு ஸ்பூன்.

கேள்வி (நாகர்கோவில்): ஏஜென்ட் டி.சி.எஸ். என்று பிடித்த பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை. அது உங்கள் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்டிய முன்பணம். கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரித் தளத்துக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏஜென்டின் சட்டையைப் பிடியுங்கள்.

கேள்வி (வேலூர்): ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள். குவீன்ஸ்டவுனில் ஏரியோர வீடு என்று இணையத்தில் பார்த்தோம். வீட்டுக்காரர் தளத்துக்கு வெளியே பேசி, நேரடியாகக் கட்டினால் இருபது சதவீதம் குறைவு என்றார். அனுப்பிவிட்டோம். போய் நின்றால் அப்படி ஒரு வீடே இல்லை. குளிரில் பெட்டியோடு நின்றோம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அம்மா, ஐயா, முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இது உங்கள் முட்டாள்தனம் இல்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், வங்கி அதிகாரியையும் ஏமாற்றியிருக்கிறார்கள். இன்றே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிட்டு, அரசின் சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். நாளானதால் பணம் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் புகார் இருந்தால்தான் அந்தக் கணக்கை முடக்க முடியும். அந்த வீட்டின் படம் எந்தத் தளத்தில் வந்ததோ அங்கும் தெரிவியுங்கள். எங்கே தடுமாறினாலும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், வரிசையில் நிறுத்தாமல் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சிவகாசி): கிறிஸ்ட்சர்ச்சுக்கு ஒரு நாள் போதுமா?

பதில்: இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 2011 நிலநடுக்கத்தில் 185 பேரை இழந்த ஊர். இடிந்த தேவாலயத்துக்குப் பதிலாக அட்டைக் குழாய்களை வைத்து 2013இல் எழுப்பிய தேவாலயத்தை உள்ளே போய்ப் பாருங்கள். மறுநாள் வடக்கே ஒரு மணி நேரத்தில் வைப்பரா. ரீஸ்லிங் ஒயினுக்குப் பேர்போன இடம், மார்ல்பரோ அளவுக்குக் கூட்டம் இருக்காது.

கேள்வி (கரூர்): வரும்போது எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்? அங்கே கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். மூன்று பாட்டில் வாங்கினால் கால் லிட்டர் அதிகம், எண்ணிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். 15 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் வழக்கம் அந்த நாட்டில் கிடையாது.