பாரணை இல்லாத விரதம்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறார். மகளுக்கு 19 வயது, பி.காம். படிக்கிறாள். போன புரட்டாசியில் எங்களோடு சேர்ந்து கவுச்சியை நிறுத்தினாள். மாதம் முடிந்ததும் நாங்கள் மீன் எடுத்தோம், அவள் எடுக்கவில்லை. அப்புறம் சோறு போனது, பிறகு பால், தயிர். இப்போது "நான் வீகன்" என்கிறாள். மாலை 6 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும்தான். தம்பிக்கு மட்டும் மட்டன் பிரியாணி செய்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள், தான் ஒரு வாய் வைப்பதில்லை. ராத்திரி எல்லாம் சமையல் வீடியோ. உயரம் 5 அடி 3 அங்குலம். 58 கிலோ இருந்தவள் 44-க்கு வந்துவிட்டாள். நான்கு மாதமாகத் தூரம் ஆகவில்லை. தைராய்டு, சர்க்கரை, சளி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. குண்டாகிவிடுவேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வயிறு உப்புகிறது, உயிரைக் கொன்று தின்னக்கூடாது, இதுதான் பேச்சு. சொந்தக்காரர்கள் "என்ன டயட்டு, எங்களுக்கும் சொல்லு" என்கிறார்கள். நல்ல பழக்கத்தைப் போய் நான் நோய் என்கிறேனா? யாரிடம் காட்டுவது?

பதில்: நோய் என்றே எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளம்புங்கள். டாக்டர் வேறு ஏதாவது சொன்னால் நல்லதுதான், ஆனால் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கட்டம் தாண்டிவிட்டது.

நீங்கள் சொன்ன உயரத்துக்கு 44 கிலோ என்றால் உடல் நிறை எண் 17-ஐ ஒட்டி வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே குறைவு. ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த நான்கு மாதம். உள்ளே வருவது போதவில்லை என்று தெரிந்ததும் மூளை முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. கூடவே ஈஸ்ட்ரோஜன் இறங்கும், எலும்பு கனம் சேர்க்க வேண்டிய வயதில் கனத்தை இழக்கும். தயவுசெய்து மாத்திரை போட்டு வரவழைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். அது ஹார்மோன் மாத்திரையால் வரும் போக்கு. உடம்பு தேறிவிட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. நல்ல பழக்கமா, நோயா? நம் பக்கத்தில் சாப்பாட்டை ஒறுப்பது புதிதில்லை. புரட்டாசியில் காசிமேட்டிலேயே கூட்டம் குறையும், உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாததா? ராயபுரத்தில் தவக்காலம் இருப்பார்கள், நோன்பு வைப்பவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். ஆனால் எந்த விரதத்துக்கும் ஒரு முடிவு உண்டு. ஏகாதசிக்கு மறுநாள் பாரணை, தவக்காலத்துக்கு ஈஸ்டர், நோன்புக்கு மாலையில் கஞ்சி. உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு. உங்கள் மகளின் விரதத்தில் பாரணை நாள் வரவே இல்லை. வந்ததெல்லாம் அடுத்த தடைதான்.

இன்னொன்று. விதி என்ன சொல்கிறது என்பதைவிட, விதி அனுமதிப்பதை அவள் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். வீகன் என்றால் பால் கிடையாது, சரி. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம் உண்டு, வேர்க்கடலை உண்டு, எண்ணெய் விட்டு முறுகலாக வார்த்த தோசை உண்டு. மாட்டுக்காகப் பாலை விட்டவருக்குத் தேங்காயோடு என்ன பகை? உண்மையான வீகன் ஒருவர் வெளியே போனால் தனக்கு என்ன கிடைக்கும் என்று தேடுவார். நோயில் இருப்பவருக்கு எதுவும் கிடைக்காவிட்டால் நிம்மதி. உயிரைக் கொல்லக்கூடாது என்பவள் தம்பிக்கு மட்டன் வாங்கிப் பிரியாணி செய்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவளே அதை நம்புகிறாள். யாரும் குறை சொல்ல முடியாத காரணம் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். முன்பு ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருந்தபோது பாக்சிங் பழகும் பையன் ஒருவன் வந்தான். எடைப் பிரிவுக்காகப் பேலியோ எடுப்பதாகச் சொல்லி ஒரு நோட்டை நீட்டினான். பாதாமை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருந்தான். "இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதியதில்லை தம்பி" என்று பாராட்டி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோட்டைத் திரும்ப யோசித்தபோதுதான் உறைத்தது: பேலியோவில் நெய்யும் மஞ்சள் கருவும்தான் சாப்பாடே, அவன் எழுதியிருந்ததோ வெறும் வெள்ளைக் கரு. போட்டி முடிந்தும் அவன் நிறுத்தவில்லை. பையன் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குண்டாகிவிடுவேன் என்று அவள் சொல்லாதது உங்களைக் குழப்புகிறது. டாக்டர்களையும் அது குழப்பியிருக்கிறது. 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்த அனோரெக்சியா (சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பை உருக்கும் மனநோய்) நோயாளிகளில் பலருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை, வயிறு உப்புகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள் என்று எழுதினார். நம்மிடம் அதே பேச்சு "கேஸ்" என்று வரும். உப்புவதும் பொய்யில்லை. பட்டினியில் இரைப்பை மந்தமாகிவிடும், நாலு வாய் போனாலே திம்மென்று இருக்கும். சுத்தமான உணவு என்ற பிடிவாதத்துக்கு 1997-இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. பெயர் எதுவானாலும் எடையும் மாதவிலக்கும் சொல்வதை முதலில் கேட்போம்.

சமையல் வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, 36 திடகாத்திரமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். யாருக்கும் இளைக்கும் ஆசை கிடையாது. ஆனாலும் கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், குளிர் தாங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். உங்கள் மகளிடம் நீங்கள் பார்க்கும் பிடிவாதத்தில் எவ்வளவு அவள் குணம், எவ்வளவு பட்டினியின் குணம் என்று வயிறு நிறையும்வரை பிரிக்க முடியாது. அதனால் இப்போது வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மீன் வியாபாரி வீட்டில் மகள் மீனைத் தொடமாட்டேன் என்றால் அப்பாவுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும், அந்தச் சண்டையும் வேண்டாம்.

"எலும்பும் தோலுமா இருக்கே" என்று சொல்லாதீர்கள், அது அவள் காதில் பாராட்டாக விழலாம். பார்த்ததைச் சொல்லுங்கள்: "பாப்பா, மாடி ஏறும்போது சுவரைப் பிடிச்சுக்கினு நின்னியே, பார்த்தேன். ஒருவாட்டி டாக்டர்கிட்ட நாடி பார்த்துக்கினு வந்துடலாம்." சொந்தக்காரர்களை நீங்களே தனியாகக் கூப்பிட்டு, அவள் உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி முதலில் பொது மருத்துவம், அங்கிருந்து மனநலப் பிரிவு. நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பி வந்துவிடாதீர்கள். இந்த நோயில் வெகுநாள் வரை எல்லாம் சரியாகவே காட்டும். மனநலப் பிரிவு என்றதும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பேசுவார்களே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று தயங்குவீர்கள். போவதற்கு முன் வீட்டிலிருந்தே பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், தண்ணீரும் இறங்காத நிலை என்றால் ஓ.பி. நேரம் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவு.

அதுவரை வீட்டில் ஒரேயடியாக ஊட்டிவிடவும் வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று டாக்டர் சொல்வார். அப்புறம் வீட்டில் ஒருவர் மூன்று வேளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும், மாதக்கணக்கில்.

ஓ.பி.க்குப் போகும்போது கடைசியாகத் தூரமான தேதியையும் எந்த மாதம் எதை நிறுத்தினாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எடை பார்க்கும்போது எண் அவள் கண்ணில் படாமல் திரும்பி நிற்க வைக்க முடியுமா என்று நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். அந்த எண்ணை வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.