கண்காட்சிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், அவரிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) பாரம்பரிய மாதம். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கியதை 1988இல் ஒரு மாதமாக்கினார்கள். இந்த நாட்களில் கலிபோர்னியாவின் பல ஊர்களில் ஹிஸ்பானிக் வணிகர் சங்கங்கள் கண்காட்சி நடத்துகின்றன. வங்கிகள், காப்பீட்டுக்காரர்கள், மின்சார நிறுவனங்கள், டாக்கோ கடைக்காரர்கள் எல்லோரும் ஸ்டால் போடுவார்கள். நடுவில் ஒரு மணி நேரம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடன் மேடை உரையாடல். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா குடும்பங்கள். இந்த உரையாடல் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மேடையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நாலு பேரோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடையை மூடிவிட்டு இதற்கு வருவதால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

நடைபாதை வியாபாரிகளுக்கு நடந்ததைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் தமாலே (மக்காச்சோள மாவில் செய்து ஆவியில் வேகவைத்த பண்டம்), வெட்டிய பழம், சுட்ட மக்காச்சோளம் விற்பவர்களில் மிகப் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். 2017 தொடக்கம் வரை அந்த நகரத்தில் நடைபாதையில் விற்பது குற்ற வழக்குக்கு உரிய செயல். வழக்கு பதிவானால், குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கு அது நாடு கடத்தல் வரை போகக்கூடிய ஆபத்து. வியாபாரிகள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டிப் பேசி, நகர மன்றத்தை அசைத்து, அந்தக் குற்றத்தை நீக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டே அது மாநிலம் முழுவதற்குமான சட்டமாயிற்று. அப்போது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் உறுப்பினராக இருந்த ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த எஸ்.பி. 946 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) மசோதாவில் 2018 செப்டம்பரில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு நகராட்சி நடைபாதை வியாபாரத்தைக் கட்டுப்படுத்த நினைத்தால், உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலன் என்று நிரூபிக்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். ‘அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை’ என்பதோ ‘பக்கத்துக் கடைக்குப் போட்டியாகிறது’ என்பதோ காரணமாகாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. விதியை மீறினால் அபராதம் மட்டும்தான், சிறை கிடையாது. அந்த அபராதத்தையும் அவரவர் வசதியைப் பார்த்துக் குறைக்க வழி இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நடைபாதையில் நிற்க உரிமை கிடைத்த பிறகும் உணவு விற்பவர்களுக்குச் சுகாதாரத் துறை அனுமதி கிடைக்கவில்லை. மாநில உணவு விதிகள் லாரி அளவு வாகனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, கை கழுவத் தனித் தொட்டி, நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், கழிவு நீருக்கு இன்னொன்று. ஒரு பெண் தனியாகத் தள்ளிப்போகும் வண்டியில் இத்தனையையும் எங்கே வைப்பது? வைத்தாலும் அது நடைபாதையில் நிற்காது. “எங்களுக்கு உதவி செய்யுங்கள்” என்று மட்டும் கேட்டிருந்தால் எதுவும் நகர்ந்திருக்காது. மூன்று தொட்டி விதியைக் குறிப்பாகச் சுட்டிக் காட்டினார்கள். லாங் பீச் செனட்டர் லேனா கொன்சாலெஸ் எஸ்.பி. 972 கொண்டுவந்தார். சிறிய வண்டிகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றுக்கேற்ற விதிகள் 2023 ஜனவரி 1 முதல் வந்தன.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சட்டமன்ற உறுப்பினரிடம் குறை சொல்லாதீர்கள், விதியைச் சொல்லுங்கள். எந்த விதி, அது எந்த அலுவலகத்தில் உங்களை நிறுத்துகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது. இந்த மூன்றும் கையில் இருந்தால் அந்த மேடை உங்களுக்கானது.

கேள்வி: குடியேற்றச் சோதனைகளால் என் உணவகத்துக்கு ஆட்கள் வேலைக்கு வரவே பயப்படுகிறார்கள். இதை அவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் விசாவும் குடியுரிமையும் அவர் கையில் இல்லை. அவை வாஷிங்டனில் முடிவாகின்றன, அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசு அமைப்பான எஸ்.பி.ஏ.வின் கடனும் மத்திய வருமான வரித் துறையும் அங்கேதான். கடை முன்னால் வண்டி நிறுத்துவது, பெயர்ப் பலகை வைப்பதெல்லாம் நகராட்சி. சமையலறைக்குச் சோதனைக்கு வருகிற அதிகாரி கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஆள், அவர் கையில் வைத்திருக்கிற விதிப் புத்தகம் மாநிலத்தினுடையது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதிகாரியோடு சண்டை போட்டுப் பயனில்லை, புத்தகத்தை மாற்றக்கூடியவர் மேடையில் இருக்கிறார்.

குறைந்தபட்சக் கூலி, தொழில் உரிமம், விற்பனை வரி, யார் ஊழியர் யார் ஒப்பந்தக்காரர் என்ற வரையறை, இவையெல்லாம் மாநில விஷயங்கள். இவற்றைத் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். என் மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, வரி கட்டுவதற்கான ஐ.டி.ஐ.என். எண் மட்டும்தான். முடி வெட்டும் தொழிலுக்கு உரிமம் வாங்க முடியுமா? கண்காட்சியில் ஒருவர் முடியாது என்றார்.

கலிபோர்னியாவில் முடியும். 2014இல் வந்த எஸ்.பி. 1159, அதுவும் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்ததுதான். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவரிடம் ஐ.டி.ஐ.என். எண்ணை மாநில உரிம வாரியங்கள் ஏற்க வேண்டும், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக்கூடாது. முடி திருத்துவோர், அழகுக்கலைஞர் மட்டுமல்ல, நர்ஸ், கட்டட ஒப்பந்தக்காரர் வாரியங்களும் இதில் அடங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். முடி திருத்தும் தொழிலுக்கும் அழகுக்கலைக்கும் பயிற்சி நேரம் முன்பு 1,500, 1,600 மணி என்று இருந்தது. எஸ்.பி. 803 வந்து 2022 முதல் அதை 1,000 மணியாகக் குறைத்தது. கைக்குழந்தையோடு பயிற்சிக்குப் போகிற ஒரு தாய்க்கு அந்த மணிநேரங்கள் எத்தனை மாதக் கூலி என்று எண்ணிப் பாருங்கள். உரிமம் கிடைப்பதும் வேலை செய்ய அனுமதி கிடைப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். பிறரிடம் சம்பளத்துக்குச் சேருவதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மின்சாரக் கம்பெனி, கேஸ் கம்பெனியெல்லாம் எதற்கு இந்தக் கண்காட்சியில் ஸ்டால் போடுகின்றன? பேனாவும் துணிப்பையும் கொடுக்கவா?

அந்த ஸ்டாலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே அவர்கள் நிற்பதற்கே ஒரு சட்டமன்ற உறுப்பினர்தான் காரணம். 1986இல் க்வென் மூர் என்ற அசெம்பிளி (மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை) உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தின் பேரில், 1988இல் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் ஜெனரல் ஆர்டர் 156 என்ற ஆணையைப் பிறப்பித்தது. பெரிய மின்சார, எரிவாயு, தொலைபேசி நிறுவனங்கள் தாங்கள் வாங்குவதில் எவ்வளவு சிறுபான்மையினர், பெண்கள், ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களிடமிருந்து வாங்குகின்றன என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். சிறுபான்மையினருக்கு 15 சதவீதம், பெண்களுக்கு 5 சதவீதம் என்று இலக்கும் உண்டு. இலக்குதான், ஒதுக்கீடு அல்ல. அதனால்தான் கொள்முதல் அதிகாரியே நேரில் வருகிறார். அவரிடம் பேனா வாங்காமல், “சப்ளையர் கிளியரிங்ஹவுஸில் பதிய என்னென்ன காகிதம் வேண்டும்?” என்று கேளுங்கள். இத்தகைய நிறுவனங்களுக்குச் சான்றிதழ் தந்து பட்டியலிடும் இடம் அது. அங்கே சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை.

மாநில அரசின் ஒப்பந்தங்கள் வேறு மாதிரி. 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபொசிஷன் 209, அரசு ஒப்பந்தங்களில் இனத்தை வைத்துச் சலுகை தருவதைத் தடை செய்தது. அதை நீக்க 2020இல் எடுத்த முயற்சியும் வாக்கெடுப்பில் தோற்றது. அதனால் ஹிஸ்பானிக் நிறுவனம் என்பதற்காக மாநில டெண்டரில் முன்னுரிமை கிடையாது. ஆனால் சிறு தொழில் என்ற சான்றிதழ் வாங்கினால், டெண்டர் மதிப்பீட்டில் 5 சதவீதச் சலுகை உண்டு. அது எந்த இனத்தவருக்கும் பொருந்தும். தகுதி இருந்தும் வாங்காமல் விட்டிருப்பவர்கள் ஏராளம். எனக்கு மனசு கேட்காத விஷயம் இது.

கேள்வி: கடை வாடகையைத் திடீரென்று ஏற்றுகிறார் ஓனர். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம், பேசினது ஸ்பானிஷில். இதற்கு மாநிலத்தில் ஏதாவது உண்டா?

உண்டு, புதியது. எஸ்.பி. 1103, செனட்டர் கரோலின் மென்ஹிவார் கொண்டுவந்தது, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கும் குறைந்த ஆட்கள் உள்ள குறுந்தொழில்கள், பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் உணவகங்கள் போன்றவற்றுக்கு இது பொருந்தும். மாதா மாதம் புதுப்பிக்கிற வாடகையில் 10 சதவீதம் வரை ஏற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதற்கு மேல் ஏற்ற 90 நாள். பேச்சு முக்கியமாக ஸ்பானிஷில் நடந்திருந்தால் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பையும் கொடுத்தாக வேண்டும். சீனம், டகாலோக், வியட்நாம், கொரிய மொழிகளுக்கும் அப்படியே.

ஒரு கொக்கி இருக்கிறது. நீங்கள் இந்த வகைக் குத்தகைக்காரர் என்று கட்டட உரிமையாளருக்கு நீங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உறுதிமொழியோடு. அதைச் செய்யாவிட்டால் சட்டம் உங்கள் கைக்கு வராது. கடிதத்தை இன்றே அனுப்புங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேள்வி நேரத்தில் மைக் கிடைக்கவே இல்லை. வேறு வழி?

மைக்கை விடுங்கள், உதவியாளரைப் பாருங்கள். உறுப்பினர் மேடையில் இருக்கும்போது, ஓரத்தில் கழுத்தில் அட்டை தொங்க, கையில் போனோடு ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ நிற்பார். தொகுதி அலுவலகத்தின் ஆள். மேடையில் “கண்டிப்பாகக் கவனிக்கிறேன்” என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும் கடைசியில் வந்து சேருவது அவரிடம்தான். அவரிடம் ஒற்றைப் பக்கத் தாள் ஒன்றைக் கொடுங்கள்: மேலே கடையின் பெயரும் முகவரியும், அதன் கீழே எந்த விதி என்பது ஒரு வரியில், பிறகு அதனால் ஆன செலவு, அது எப்படி மாறினால் சரியாகும், கடைசியில் போன் எண். முகவரி அவசியம், அதை வைத்துத்தான் நீங்கள் அவர்கள் தொகுதியா என்று பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் ஒரு செனட் தொகுதியில் பத்து லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு, அசெம்பிளியில் அதில் பாதி. சொந்தத் தொகுதிக்காரருக்கு முதலில் பதில் வரும்.

உரிமம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, மாநில வரியில் திரும்ப வர வேண்டிய பணம் வரவில்லை என்பது போன்ற தனிப்பட்ட சிக்கலுக்குச் சட்டம் மாற வேண்டியதில்லை. தொகுதி அலுவலகம் அந்தத் துறைக்கு ஒரு போன் போட்டாலே பல காரியங்கள் நகர்கின்றன.

காலமும் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை ஆண்டில் செப்டம்பர் நடுவிலும், இரட்டைப்படை ஆண்டில் ஆகஸ்ட் கடைசியிலும் சட்டமன்றம் அந்த ஆண்டு வேலையை முடித்துவிடும். ஆக, பாரம்பரிய மாதத்தில் உறுப்பினர் உங்கள் ஊருக்கு வரும்போது அந்த ஆண்டு மசோதாக்கள் கவர்னர் மேஜையில் இருக்கும், அல்லது முடிவே ஆகியிருக்கும். அடுத்த ஆண்டுக்கு என்ன கொண்டுவரலாம் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கும் நேரம் இது. புதிய மசோதாக்களைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் பிப்ரவரியில் வரும். அக்டோபரில் கொடுத்த தாளுக்கு நவம்பரில் ஒரு போன், ஜனவரியில் இன்னொரு போன். மசோதா வந்துவிட்டால், செலவு பிடிப்பவை மே மாதமும் ஆகஸ்டிலும் நிதிக் குழுவின் ‘சஸ்பென்ஸ்’ பட்டியலில் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதற்கு முன்பே ஆதரவுக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: தேர்தல் நிதி கொடுத்தால் வேகமாக நடக்குமா?

கோரிக்கையையும் நன்கொடையையும் ஒரே பேச்சில் கொண்டுவராதீர்கள். இரண்டு பேருக்கும் சட்டச் சிக்கல். உண்மையான உதவியாளராக இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவார்.

கேள்வி: நாங்கள் தமிழர்கள், ஸ்பானிஷ் தெரியாது. அனாஹைமில் வீட்டுச் சமையல் தொழில் தொடங்க ஆசை. இந்தக் கண்காட்சிக்குப் போகலாமா சகோதரி?

தாராளமாகப் போங்கள். பெரும்பாலான சங்கங்களில் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம், பேச்சும் பாதிக்குமேல் ஆங்கிலத்தில்தான். உங்கள் விஷயத்தில் 2018இல் வந்த ஏ.பி. (அசெம்பிளி மசோதா) 626 சட்டம் வீட்டுச் சமையலறையிலேயே சமைத்து நாளுக்கு 30 சாப்பாடு வரை விற்க இடம் தருகிறது. ஆனால் கவுன்ட்டி ஏற்றுக்கொண்டால்தான். ரிவர்சைட் முதலில் ஏற்றது. உங்கள் கவுன்ட்டியின் சுகாதார அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கேட்க வேண்டியது கவுன்ட்டி மேற்பார்வையாளரை.

கேள்வி: நான் டெக்சாஸ். இதே முறை அங்கே செல்லுமா?

தாள் செல்லும், நாட்காட்டி செல்லாது. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில் மட்டும் 140 நாள் கூடுகிறது. உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர்தான், அதனால் பெரும்பாலோர் சொந்தமாக ஏதாவது தொழிலோ வக்கீல் வேலையோ செய்பவர்கள். வியாபாரக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கூட்டம் 2027 ஜனவரி 12 அன்று தொடங்கும், மசோதாக்களை அதற்கு முந்தைய நவம்பரிலேயே பதியத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே 2026 செப்டம்பர், அக்டோபர் கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். தவறவிட்டால் 2029 ஜனவரிதான்.