நாணய மாற்றுக் கடைப் பலகையில் ஏன் இரண்டு விலை?

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ பலகையைப் பார்த்தால், ஒரே இந்திய ரூபாய்க்கு இரண்டு விலை இருக்கும். ‘வாங்கும் விலை’ என்பது உங்கள் ரூபாயைக் கடைக்காரர் வாங்கும்போது தரும் ரிங்கிட். ‘விற்கும் விலை’ என்பது அவரிடமிருந்து நீங்கள் ரூபாய் வாங்கும்போது கொடுப்பது.

உதாரணத்துக்கு 100 ரூபாய்க்கு வாங்கும் விலை 4.60 ரிங்கிட், விற்கும் விலை 4.80 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கொடுத்தால் 460 ரிங்கிட் கிடைக்கும். அதையே உடனே திருப்பி மாற்றினால் கையில் வருவது சுமார் 9,583 ரூபாய்தான்! நகைக்கடையில் இன்று வாங்கிய சங்கிலியை நாளை விற்றால் அதே விலை கிடைக்காதல்லவா, அதுபோல. நோட்டு பெட்டியில் கிடக்கும்போது மதிப்பு இறங்கினால் நட்டம் கடைக்காரருக்கு. அந்த நட்டம், கடை வாடகை, சம்பளம், லாபம் எல்லாம் இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிக்குள்தான். விமான நிலையத்தில் இடைவெளி பெரும்பாலும் அகலம்; டாக்சிக்கு வேண்டியதை மட்டும் அங்கே மாற்றுங்கள்.

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையாகப் பாருங்கள். கவுன்டரை விட்டு நகருமுன் நோட்டை எண்ணி, ரசீதையும் வாங்கிவிடுங்கள்.

‘கமிஷன் இல்லை’ என்றால் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கமிஷன் இரண்டு விலைக்கும் நடுவிலேயே இருக்கிறது.