மஞ்சளான ஹெட்லைட்டை வீட்டிலேயே தேய்க்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் கார் 2010 மாடல். ஹெட்லைட் இரண்டும் மங்கிவிட்டன, வலது பக்கம் ரொம்ப மோசம். ராத்திரியில் ஆம்பூர் வரை போய்வரவே பயமாக இருக்கிறது. 15 வருடம் முடிவதால் ஆர்.சி. ரெனிவலுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். ஒரு புரோக்கர், 'இந்த லைட்டோடு போனால் ஃபெயில்தான், 9,000 கொடுங்கள், புது லைட் போட்டு நானே முடித்துத் தருகிறேன்' என்கிறார். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே போதும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?"

இரண்டையுமே கேட்காதீர்கள். முதலில் காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு சொம்பு தண்ணீரை லைட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி தெளிந்து உள்ளே பல்ப் நன்றாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கோளாறு வெளிப்பக்கம்தான். தேய்த்தால் சரியாகிவிடும்.

நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் லேசில் உடையாது, ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதற்காகத்தான் கம்பெனியில் மேலே மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். நம் வேலூர் வெயிலில் அந்தப் பூச்சுதான் முதலில் மஞ்சளாகி, வெடித்து, செதில் செதிலாகப் போகிறது. வலது பக்கம் மட்டும் அதிகம் கெட்டிருக்கிறது என்றால், நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் அந்தப் பக்கம்தான் வெயில் விழுகிறதா என்று பாருங்கள்.

டூத்பேஸ்டில் இருப்பது லேசாகத் தேய்க்கிற தூள். கொஞ்சம் பளிச்சென்று ஆகும், கெட்ட பூச்சு பாதி அப்படியே இருக்கும், சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. கொசு விரட்டி ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்களைத்தான் எனக்குத் தாங்கவில்லை. அதில் உள்ள மருந்து பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைப்பதால்தான் அந்தப் பளபளப்பு. தின்னரும் அப்படியே, உள்ளுக்குள் முடி முடியாக விரிசல் விடும், அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. இப்போது ஒரு கப்பில் மருந்தைச் சூடாக்கி ஆவி பிடிப்பதுபோல் காட்டி ஐந்து நிமிடத்தில் புதிதாக்கித் தருகிறார்கள். அந்த ஆவி பிளாஸ்டிக்கை உருக்குகிறது, பக்கத்தில் நிற்பவருடைய நுரையீரலுக்கும் கேடு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேலை இதுதான். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், 800, 1000, 1500, 2000 நம்பர்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். லைட்டைச் சுற்றி பம்பர், பானட் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள், இதில் சோம்பல்பட்டு பெயிண்டைச் சுரண்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து, பழைய ஹவாய் செருப்பில் வெட்டிய ரப்பர் துண்டில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே 800-ஐக் கிடைமட்டமாகத் தேயுங்கள். முதலில் மஞ்சளாகக் கரைந்து ஓடும். அது வெறும் பால்போல் வெள்ளையாக ஓடி, மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக மங்கும்வரை நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டத்தில் லைட் முன்பைவிடக் கேவலமாக, குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்த நம்பரை மேலும் கீழுமாக, அதற்கடுத்ததை மறுபடி கிடைமட்டமாக. முந்தைய கோடுகள் மறைந்தால்தான் அடுத்த பேப்பர். நம்பர் மாற்றும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், பழைய மணல் ஒன்று மாட்டினாலும் கீறல் விழும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையை மெல்லிய துணியில் எடுத்துத் தேய்த்தால் தெளிவு வரும்.

இதோடு நிறுத்தினால் உங்கள் உழைப்பெல்லாம் வீண். இருந்த பூச்சையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள், பிளாஸ்டிக் இப்போது வெயிலுக்கு அம்மணமாக நிற்கிறது, சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டு பஃபிங் மட்டும் போட்டு அனுப்புகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஹெட்லைட்டுக்கென்றே யு.வி. பாதுகாப்புப் பூச்சு விற்கிறது, துணியால் தடவுவது. எண்ணெய்ப் பசை போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நிழலில் தடவி, ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். சாதாரண கார் வாக்ஸ் இதற்கு ஈடாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றியும் மங்கல் போகவில்லை, உள்பக்கம் முத்து முத்தாக நிற்கிறது என்றால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. ஐப்பசி மழையில் லேசாகப் பனி பிடித்து, லைட் போட்டு ஓட்டியதும் போய்விட்டால் அது கோளாறே இல்லை, காற்றுப் போக விட்ட துளை வழியாக வருவது. நாள்கணக்கில் நின்றால் பானட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்புறம் கையை விடுங்கள். பல்புக்குப் பின்னால் ரப்பர் மூடி இருக்க வேண்டும். பல்ப் மாற்றிய மெக்கானிக் அதைச் சரியாக அமுக்காமல் விட்டிருப்பார், இல்லை என்றால் தொலைத்தே இருப்பார். என்னிடம் வந்த ஒரு வண்டியில் மூடிக்குப் பதில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள், உள்ளே வெளிச்சத்தை முன்னால் திருப்புகிற ரிஃப்ளெக்டரே கறுத்துவிட்டது. புது மூடி போட்டு, இரண்டு நாள் காயவிட்டு, அப்புறம் பாருங்கள். ரிஃப்ளெக்டர் உரிந்திருந்தால் மட்டும் லைட்டை மாற்றுங்கள், விரிசல் பிளாஸ்டிக்குக்குள்ளேயே போயிருந்தாலும் அப்படித்தான்.

மங்கலைச் சரிசெய்யாமல் 100 வாட் பல்பு போடச் சொல்பவர்களும் உண்டு. ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒன்றிலேயே இருக்கும் எச்4 பல்புக்கு அளவே 60/55 வாட். கூடுதல் சூடு ஹோல்டரை உருக்கும், மங்கிய கண்ணாடி வழியாக வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும். பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் ராத்திரி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். இதைப் பிடிக்க ஆளில்லை, ஆனால் ரெனிவலுக்கு வரும் வண்டியைச் சுற்றி மட்டும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

உங்கள் புரோக்கர் விஷயம். அரசுக் கட்டணத்தை நீங்களே பரிவாகன் இணையதளத்தில் கட்டலாம், வண்டியை நீங்களே ஓட்டிப்போய்க் காட்டலாம். படிவம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், நேரில் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்ற பதில், அந்த அலுப்பில்தான் ஜனங்கள் இவர்களிடம் போய் விழுகிறார்கள். 9,000 ரூபாயில் கட்டணம் எவ்வளவு, லைட் எவ்வளவு, அது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார். காட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள், வலது பக்கத்தை முதலில் எடுங்கள்.