வாசல் தாண்டாத பூனைக்கு வருடத்தில் நான்கு முறை சளி ஏன்?

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. நான்கு வயதுப் பெண் பூனை ஒன்று வளர்க்கிறோம், பெயர் மிளகு. வாசல் தாண்டுவதே இல்லை. ஆனாலும் கடந்த மே மாதத்திலிருந்து நான்கு முறை தும்மல், மூக்கொழுகல், கண்ணில் நீர் என்று படுத்துவிட்டது. முதல் முறை, கோடை விழாவுக்கு வந்து தங்கிய உறவினர்கள் கிளம்பிய சமயம். அடுத்தது, ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் அம்மாபேட்டையில் உள்ள என் அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போய்த் திரும்பிய பிறகு. மூன்றாவது, தீபாவளி முடிந்த எட்டாம் நாள். கடைசியாக, பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த மறுவாரம். ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் ஆண்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள், சரியாகிறது, மறுபடி வருகிறது. மலைக் குளிர்தான் காரணம் என்கிறார்கள். மாமியார் நீலகிரித் தைலம் தடவச் சொல்கிறார். இரவில் சில சமயம் கழுத்தை நீட்டிக் கக்குவதுபோல் செய்கிறது, எதுவும் வெளியே வராது. முடி உருண்டை என்று விட்டுவிட்டோம். ஒன்றரை மாதக் குட்டியாக, இரண்டு கண்ணும் ஒட்டிப்போய் ஒரு காபித் தோட்டத்தில் கிடைத்தவள் இவள். எங்கள் ஆறு வயது மகனுக்கு இது தொற்றுமா? நிரந்தரத் தீர்வு உண்டா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கண் ஒட்டிய குட்டியாகக் கிடைத்தவள் என்று. உங்கள் கேள்வியின் பாதிக்கு அந்த வரியிலேயே பதில் இருக்கிறது. வாசல் தாண்டாத பூனைக்கு வெளியிலிருந்து நோய் வர வேண்டியதில்லை. மிளகு உங்கள் வீட்டுக்குள் வந்த அன்றே நோயும் கூடவே வந்துவிட்டது.

தோட்டத்தில் பிறக்கும் குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே தொற்றும் கிருமிகளில் முதலிடம் பூனை ஹெர்பிஸ் வைரஸுக்கு. குட்டியின் கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்வது அதன் முக்கிய அடையாளம். குட்டி தேறிவிடும், வைரஸ் போகாது. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் வேர் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருமுறை தொற்றிய பூனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கின்றன. மனிதர்களில் சிலருக்கு உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருகிறதே, அந்த வைரஸும் இதே குடும்பம்தான். அதுவும் இப்படித்தான் நரம்பில் தூங்கி எழுகிறது.

எது அதை எழுப்புகிறது? பூனையின் மனக்கலக்கம். கலங்கிய அன்றே தும்மல் வராது என்பதுதான் இதில் எல்லோரையும் ஏமாற்றுகிற விஷயம். நான்கு நாள் முதல் பதினொரு நாள் வரை இடைவெளி இருக்கும். அதற்குள் நாம் காரணத்தை மறந்து, அன்றைக்குப் பெய்த மழையைத் திட்டிக்கொண்டிருப்போம். நீங்கள் குறிப்பிட்ட நான்கு முறையையும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மே மாதம் வீடு நிறைய ஆள். ஆடியில் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும், போகும்போது ஒரு தடவை வரும்போது ஒரு தடவை. நடுவில் பழக்கமில்லாத வீடு. தீபாவளிக்கு வெடி. பொங்கலுக்கு முன் ஏணியும் சுண்ணாம்பு வாளியும் அறை அறையாகப் புகுந்திருக்கும். கட்டில் ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம். நாய் ஆளோடு ஒட்டும், பூனை இடத்தோடு ஒட்டும். நமக்குப் பண்டிகைச் சுத்தமாகத் தெரிவது பூனைக்கு ஊர் இடம் மாறிய மாதிரி.

ஆக, மலைக் குளிர் மேல் பழி போடாதீர்கள். குளிரினால் மட்டும் இது வராது. குளிருக்காக ஜன்னலை அடைத்து, உள்ளே கணப்புச் சட்டியும் சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் ஏற்றுகிறோமே, அந்தப் புகை கெடுதல் செய்யும். ஆடி மாதத்துக்குப் பிறகு உங்கள் ஊர்ச் சுவர்களில் பூக்கும் கரும்பூஞ்சையும் அப்படித்தான்.

இப்போது அந்த ஐந்து நாள் ஊசி. ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைத் தொடாது. ஹெர்பிஸ் சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே அடங்கும். மூன்றாம் நாள் ஊசியைத் தொடங்கினால் எட்டாம் நாள் பூனை தேறியிருக்கும். பெயர் ஊசிக்குப் போகும். நானும் தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் பெயரை நிறையச் சம்பாதித்திருக்கிறேன். ஆண்டிபயாடிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சளி கெட்டியாகிப் பச்சை நிறமாகி, காய்ச்சலும் கண்டு, சாப்பாட்டையும் நிறுத்திவிட்டால் பாக்டீரியா மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், அப்போது தேவைப்படும். சில பூனைகளுக்குக் கண் சிவப்பு மட்டும் விடாமல் இருக்கும். அதற்குக் கிளமிடியா என்ற பாக்டீரியா காரணமாக இருந்தால் டாக்சிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்து நாளில் நிறுத்துவது அரைக் கிணறு தாண்டுவது. அந்த மாத்திரையைக் கொடுத்ததும் 5 மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயோரம் மெதுவாக விடுங்கள். வறண்ட தொண்டையில் அது ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிடும்.

ஊசியில் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்ததா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். வீக்கம் வற்றட்டும் என்று போடுவார்கள். உறங்கும் ஹெர்பிஸைத் தட்டி எழுப்ப அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தும் வேண்டவே வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் கருவிழியில் புண் இருக்கலாம். மருத்துவர் ஒரு சாயத்தை விட்டு நீல ஒளியில் பார்ப்பார். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

தைலத்துக்கு வருவோம். உங்கள் மாமியார் சொல்வது மனிதர்களுக்குச் சரி, பூனைக்கு விஷம். ஏற்காட்டில் ஏரிப்பக்கம் பாதிக் கடைகளில் நீலகிரித் தைலம் தொங்குகிறது. வாங்காமல் யாரும் மலை இறங்குவதில்லை. பூனையின் கல்லீரலுக்கு இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மேலே தடவினால் நக்கியே வயிற்றுக்குள் தள்ளிவிடும். கற்பூரம், நெஞ்சில் தேய்க்கும் களிம்பு, ஆவிக்குப் போடும் மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இதைவிடக் கொடியது பாராசிட்டமால். சில ஆண்டுகளுக்கு முன், மழை கொட்டிய ஒரு மாலையில், ஒரு பெரியவர் தன் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். காய்ச்சல் போல இருந்ததாம், அரை மாத்திரை பாலில் கரைத்துக் கொடுத்தாராம். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காபித் தூள் நிறத்தில் இருந்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டதன் நிறம் அது. அந்தப் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாமாகக் கொடுக்கும் எந்த மனித மாத்திரையும் வேண்டாம். அசைக்ளோவிர் மாத்திரையும் அப்படியே. ஹெர்பிஸ் என்றதும் இணையத்தில் தேடிச் சிலர் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அது பூனைக்கு நஞ்சு. பூனைக்குக் கொடுக்கக்கூடிய வைரஸ் மருந்து ஃபாம்சைக்ளோவிர். அதையும் எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும், கடுமையான தாக்குதலுக்கு மட்டும். லைசின் பொடியைப் பலர் வாங்கி உணவில் தூவுகிறார்கள். பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மீன் வாங்கலாம்.

மீன் என்று சும்மா சொல்லவில்லை. பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. மூக்கு அடைத்தால் பசி இருந்தாலும் தட்டைத் திரும்பிப் பார்க்காது. மேட்டூர் அணை மீனோ மத்தியோ எது கிடைத்தாலும் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவுமில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். ஆறிய சோற்றுக்கு அந்த வாசம் வராது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் ஆகாது. இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மூன்றாம் நாள் வரை பொறுக்காதீர்கள். குறிப்பாகக் குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, சளியைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஆவி பிடிக்க வைக்கலாம். குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அறை மங்கியதும் மிளகை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீரில் எதுவும் கலக்க வேண்டாம். பாத்திரத்தின் மேல் பூனையைப் பிடித்துத் துணி மூடாதீர்கள். அது துள்ளும், இருவருக்கும் சுடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, மூக்கின் மேல் காய்ந்த பொருக்கை ஊற விட்டு எடுங்கள். கண்ணுக்குத் தனிப் பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறாக.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத வரி வேறொன்று. இரவில் கழுத்தை நீட்டிக் கக்குவதுபோல் செய்கிறது, எதுவும் வரவில்லை என்கிறீர்கள். முடி உருண்டை என்றால் எப்போதாவது ஒருமுறையாவது முடி வெளியே வந்திருக்க வேண்டும். தரையோடு ஒட்டிப் பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி வறட்டு இருமல் இருமுவது பூனை ஆஸ்துமாவின் பழகிய தோற்றம். ஹெர்பிஸ் மூக்கிலும் கண்ணிலும் விளையாடும், இப்படி நெஞ்சை இழுக்க வைப்பது குறைவு. இரண்டு நோயும் ஒரே பூனையில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வரும்போது தொட்டுத் தூக்காமல் கைபேசியில் படம் பிடியுங்கள்; இருபது விநாடி போதும், அது என் ஸ்டெத்தஸ்கோப்பைவிட அதிகம் சொல்லும். அதோடு, மிளகு நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. முப்பதுக்குள் இருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அதைத் தாண்டினால் நெஞ்சு எக்ஸ்ரே தேவை. சேலத்திலேயே எடுக்கலாம், மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான்.

ஆஸ்துமா என்று உறுதியானால் ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் மருந்தே ஸ்டீராய்டு, மேலே நான் திட்டிய அதே ஸ்டீராய்டு. ஊசியாகவோ மாத்திரையாகவோ உடம்பெங்கும் அனுப்பாமல் இன்ஹேலர் வழியாக நெஞ்சுக்கு மட்டும் கொடுப்பதே இப்படிப்பட்ட பூனைக்கு நல்லது. கைக்குழந்தைகளுக்கு வைக்கும் முகமூடியும் ஸ்பேசர் குழாயும் பூனை முகத்துக்கும் பொருந்தும். முதல் வாரம் மருந்தில்லாமல் வெறும் முகமூடியை மோந்து பார்க்க விட்டு, மீன் துண்டு கொடுத்துப் பழக்க வேண்டும். புகை எதுவும் இல்லாத வீடு, தூசி பறக்காத கழிவுத் தட்டு மணல் இரண்டும் அந்த மருந்தில் பாதி வேலையைச் செய்யும்.

மகனுக்குப் பூனை ஹெர்பிஸ் தொற்றாது. கை கழுவச் சொல்லுங்கள், போதும்.

நிரந்தரத் தீர்வு கேட்டிருக்கிறீர்கள். வைரஸை விரட்ட முடியாது. அது எழும் தடவைகளைக் குறைக்க முடியும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெர்பிஸ், காலிசி, பார்வோ என்ற மூன்று வைரஸுக்கும் சேர்த்த ஊசி குட்டிப் பருவத்தில் தொடர்ந்து போட்டு, பிறகு ஊக்க ஊசியும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மிளகு நலமாக இருக்கும் ஒரு மாதத்தில் போடுங்கள். ஏற்கெனவே உள்ள ஹெர்பிஸை அது அழிக்காது, தாக்குதலின் வேகத்தைத் தணிக்கும், காலிசியிடமிருந்தும் காக்கும். நாக்கில் புண் போட்டு எச்சில் வடிய வைப்பது காலிசிதான். பூனை தொடாவிட்டாலும் உங்கள் செருப்பிலும் சேலை முந்தானையிலும் அது வீட்டுக்குள் வர முடியும்.

பயணக் கூடையை இன்றைக்கே பரணிலிருந்து இறக்குங்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். மிளகுக்கு அந்தக் கூடைதான் அடுப்பங்கரை, அது கண்ணில் பட்டாலே மலைப்பாதைதான். கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் மாதக்கணக்கில் கிடக்க விடுங்கள். ஒருநாள் தானாகவே உள்ளே போய்ப் படுக்கும். பண்டிகைக்கு அம்மா வீடு போகும்போது முடிந்தால் மிளகை மலையிலேயே விட்டு, பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுங்கள். கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டி மருத்துவரிடம் கேட்டால் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்து எழுதித் தருவார். கூடையின் மேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள். ஒன்றுக்கு மட்டும் இந்த எச்சரிக்கை எதுவும் பார்க்க வேண்டாம்: மிளகு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ நாக்கு நீலம் பூத்தாலோ, நள்ளிரவானாலும் அப்படியே தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள்.

மே மாதம் மறுபடி கோடை விழா வரும், விருந்தினரும் வருவார்கள். அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பே, உங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த அறை ஒன்றில் மிளகின் தட்டு, தண்ணீர், மணல், ஏறிப் படுக்க அலமாரி மேல் ஓர் இடம் எல்லாம் தயாராகட்டும். அந்த அறைச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். பூனையைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் அழுவார்கள்; கொஞ்ச நேரம் அழட்டும்.